ஊசி பிடிக்கவில்லையா, இரத்தத்தில் குறையா? பால்மாடுகளின் பரம்பரைக் குறைபாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா பக்கங்களில், உறைந்த காளை விந்து வைத்த நைதரசன் கலத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஊசி போட்டு மாடுகளைச் சினைப்படுத்தத் திரிந்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சில கேள்விகளுக்கு அன்றைக்கு எனக்கே விடை தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பரம்பரைக் குறைபாடு என்றால் கால் வளைந்த கன்று, கண் இல்லாத கன்று பிறப்பதுதானே? என் பட்டியில் அப்படி ஒன்றும் பிறக்கவில்லையே?

பிறக்காமல் போவதுதான் இங்கே கதை. ஊனத்தோடு பிறக்கும் கன்றை ஊரே வந்து பார்க்கும். ஆனால் பால்மாடுகளில் அதிக நட்டம் தரும் குறைபாடுகள் கன்றைப் பிறக்கவே விடுவதில்லை. சிலவற்றில் சினைப்பட்டு ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே முளையம், அதாவது வளரத் தொடங்கிய கரு, கருப்பைக்குள் செத்துவிடும். நாற்பது நாள் முளையம் கிட்டத்தட்ட ஒரு அங்குலந்தான். அது உள்ளேயே கரைந்து போகலாம், மேய்ச்சல் தரையில் புல்லுக்குள் விழுந்தும் போகலாம். யார் கண்ணில் படும்?

உங்கள் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று. சினை என்று நம்பியிருந்த மாடு இரண்டு மாதம் கழித்து மறுபடி வேட்கைக்கு வந்து கத்தும். “ஊசி பிடிக்கேல்ல” என்பீர்கள். நானும் “சரி, இன்னொருக்காப் போடுவம்” என்பேன். இரண்டு பேருக்கும் உள்ளே ஒரு சாவு நடந்தது தெரியாது.

காளையும் நல்லாயிருக்கு, பசுவும் நல்லாயிருக்கு. பிறகு கன்றுக்கு எங்கிருந்து குறை வருகிறது?

பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கடத்தும் பரம்பரையலகு (ஜீன்) ஒவ்வொன்றும் சோடியாக இருக்கிறது, ஒன்று தகப்பன் தந்தது, மற்றது தாய் தந்தது. நான் சொல்லும் குறைபாடுகள் பெரும்பாலும் பின்னிடைவானவை. சோடியில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அப்படி ஒரு பழுதைச் சுமக்கும் மாட்டைக் காவி என்கிறோம். காவி மாடு நன்றாகச் சாப்பிடும், பால் தரும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். வெளியில் ஒன்றும் தெரியாது.

காவிக் காளை காவிப் பசுவோடு சேரும்போதுதான் வில்லங்கம். நான்கு தடவை சினைப்பட்டால், சராசரியாக ஒன்றில் பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். அந்த முளையம் தப்பாது. மிச்ச மூன்றில் இரண்டு காவிகள், ஒன்று முழுச் சுத்தம். சராசரி என்பதைக் கவனியுங்கள். நாணயம் சுண்டுவது போலத்தான், ஒரே மாட்டில் அடுத்தடுத்து இரண்டு தடவையும் விழலாம், ஐந்து கன்று போட்டும் ஒரு தடவைகூட விழாமலும் இருக்கலாம்.

ஒரே ஒரு காளையால் அவ்வளவு பெரிய நட்டம் வந்துவிடுமா?

வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1962 இல் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பெயர் பாவ்னி ஃபாம் ஆர்லிண்டா சீஃப். அதன் மகள்கள் பாலில் வெளுத்து வாங்கின. மகள்கள் மட்டும் 16,000, பேத்திகள் ஐந்து இலட்சம், கொள்ளுப்பேத்திகள் இருபது இலட்சத்துக்கும் மேல். இன்றைய அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மொத்தப் பரம்பரைச் சொத்தில் ஏறக்குறைய 14 வீதம் அந்த ஒரு காளையிடமிருந்து வந்தது. நம்மூரில் ஒரு குடும்பம் ஊர்க் காணியில் ஏழில் ஒரு பங்கை வைத்திருப்பது போல.

அந்தக் காளை ஒரு பழுதையும் சுமந்திருந்தது. பழுதடைந்த உடற்கலங்களை ஒழுங்காகச் சாகவைக்கும் புரதம் ஒன்று உடலில் உண்டு. அதை உருவாக்கும் ஏபிஏஎஃப்1 என்ற பரம்பரையலகு அதன் ஒரு பக்கத்தில் பாதியில் அறுந்து நின்றது. இரண்டு பிரதியும் அப்படி அறுந்திருந்தால் கன்று வயிற்றிலேயே சாகும். இதைத்தான் எச்.எச்.1 என்கிறார்கள். 2016 இல் வந்த கணக்கின்படி, உலகம் முழுவதும் ஐந்தே கால் இலட்சம் கருச்சிதைவுகளுக்கும் ஏறத்தாழ 42 கோடி அமெரிக்க டொலர் நட்டத்துக்கும் இந்த ஒரு பழுது காரணம்.

அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2011 இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் நோய்ப்பட்ட கன்றைத் தேடிப் போகவில்லை. ஆயிரக்கணக்கான உயிருள்ள மாடுகளின் பரம்பரைத் தரவை எடுத்து, அதில் எது இல்லை என்று தேடினார்கள். பரம்பரையலகுகளைத் தாங்கி நிற்கும் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு தனிப் பிரதியாகப் பல மாடுகளில் இருக்கிறது, ஆனால் இரட்டைப் பிரதியாக ஒரு மாட்டில்கூட இல்லை என்றால் அந்த இரட்டைப் பிரதிக்காரர் எங்கே போனார்? பிறக்கவே இல்லை. வகுப்பு இடாப்பில் வராத பிள்ளையைக் கண்டுபிடிப்பது மாதிரித்தான்.

அது ஹோல்ஸ்டீன். எங்கள் பக்கம் ஜேர்சிக் கலப்புத்தானே அதிகம்?

ஜேர்சிக்கும் ஒன்று இருக்கிறது, ஜே.எச்.1. அதே 2011 இல் அகப்பட்டதுதான். வேர் பிடித்துப் போனால் ஒப்சர்வர் சொக்லட் சோல்ஜர் என்ற காளையில் போய் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் 1962 இல் பிறந்தது! கண்டுபிடித்த காலத்தில் வட அமெரிக்க ஜேர்சிகளில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை இதன் காவிகள். இரட்டைப் பிரதி கிடைத்த முளையம் அறுபது நாளுக்குள் போய்விடும்.

வேறு என்னென்ன இருக்கின்றன?

பெயர்ப் பட்டியல் நீளம், இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். டம்ப்ஸ் என்ற குறையில் முளையம் நாற்பதாம் நாளளவில் சாகும். சிவிஎம் என்பது முதுகெலும்புக் கோளாறு. 2000 ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் பெரும்பாலான கன்றுகள் 260 ஆம் நாளுக்கு முன்பே விழுந்துவிடும். பிளாட் என்ற குறையில் கன்று பிறக்கும், ஆனால் வெண்குருதிக் கலங்கள் வேலை செய்யாததால் சின்னச் சின்னக் கிருமிக்கும் தாக்குப் பிடிக்காமல் சாகும். கார்லின் எம் ஐவன்ஹோ பெல் என்ற பெயர்பெற்ற காளை சிவிஎம், பிளாட் இரண்டையும் சேர்த்தே சுமந்தது. அதன் விந்து போகாத நாடு குறைவு.

நாங்கள் சாஹிவால், சிந்தி, ஊர்மாடு எல்லாம் கலந்து வைத்திருக்கிறோம். கலப்பு இருந்தால் பயமில்லைத்தானே?

பாதி சரி. ஜேர்சியில் இருக்கும் பழுது சாஹிவாலில் இருப்பது அரிது. ஆகவே ஜேர்சிக் காளைக்கும் சாஹிவால் பசுவுக்கும் பிறக்கும் முதல் தலைமுறையில் இரட்டைப் பிரதி சேர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நாம் அதோடு நிறுத்துவதில்லையே. பால் கூடட்டும் என்று அந்த நாகுக்கும் ஜேர்சி, அதன் மகளுக்கும் ஜேர்சி. பாதி, முக்கால், முக்காலே அரைக்கால் என்று ஜேர்சி இரத்தம் ஏறும்போது, கலப்பு தந்த பாதுகாப்பு அதே வேகத்தில் இறங்குகிறது. நம் வெயிலுக்கும் அந்த மாடு தாங்காது, அது வேறு கதை.

வெளிநாட்டு விந்துதான் ஆபத்து என்றால், ஊர் நாம்பனை விடுவது நல்லதல்லவா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இருந்து பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டுக் காளைகளின் பழுதைச் சோதித்துப் பட்டியலில் போடுகிறார்கள். ஊர் நாம்பனின் பழுது எந்தப் பட்டியலில் இருக்கிறது? ஊர்மாட்டிலும் பழுதான பரம்பரையலகுகள் இருக்கும், எல்லா உயிரிலும் இருக்கும். பரந்த பட்டியில் அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை, அவ்வளவுதான். சந்திக்க வைப்பது நாம்.

ஒரு கணக்குப் போடுவோம். பட்டியில் ஒரு நாம்பன், அது ஏதோ ஒரு பழுதின் காவி. அதன் மகள்களில் பாதிக்கு அந்தப் பழுது போகும். விதைப்புக் காலத்தில் வயலை விட்டுப் பட்டியைக் காட்டுப்பக்கம் சாய்க்கிறீர்கள், அங்கேயும் அதே நாம்பன். இரண்டரை மூன்று வருடத்தில் அதன் மகள்கள் நாகுகளாகி வேட்கைக்கு வருவார்கள். தகப்பனே மகளோடு சேருகிறது. மகள் காவியாக இருக்க இரண்டில் ஒன்று, சேர்ந்தால் முளையம் கெட நான்கில் ஒன்று. மொத்தம் எட்டில் ஒன்று. பதினாறு மகள்கள் இருந்தால் வருடத்துக்கு இரண்டு கன்று காணாமல் போகும். இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. காளை ஒன்று என்றால் பழுதும் ஒன்றுதான் என்று யார் சொன்னது?

கோயிலுக்கு நேர்த்தி வைத்து விட்ட நாம்பன்களையும் சொல்ல வேண்டும். அதை யாரும் விரட்ட மாட்டார்கள், கட்ட மாட்டார்கள், விற்க மாட்டார்கள். பத்து வருடம் ஊரெல்லாம் மேயும். நேர்த்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுவதற்கு முன் அதைக் காயடித்துவிட்டால் சாமி கோபிக்கப் போவதில்லை என்பது என் எண்ணம். ஒரு ஐயரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

என் மாட்டுக்கு இருப்பது பரம்பரைக் குறையா, வேறு பிரச்சினையா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் ஒன்று. சினை நிற்காத பத்து மாடுகளைக் கொண்டுவந்தால், பரம்பரைக் குறையை நான் கடைசியாகத்தான் நினைப்பேன். வேட்கையைச் சரியாகக் கவனிக்காதது, பிந்திச் சொல்லிவிட்டது, வைகாசி வெயிலில் மாடு நெருப்பாய்க் கொதிப்பது, வைக்கோலைத் தவிர ஒன்றும் போடாமல் எலும்பு தெரிவது, கனியுப்பு இல்லாதது, கன்று போட்ட கையோடு இளங்கொடி தங்கிக் கருப்பையில் சீழ் கட்டியது, இவைதான் வரிசையில் முன்னால் நிற்கும். வேட்கையைக் காலையில் கண்டால் மாலையில் சினைப்படுத்துங்கள், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதி மாடு தேறிவிடும்.

அப்புறம் நாட்களைப் பாருங்கள். சினைப்படுத்தி 18 முதல் 24 நாளில் மாடு திரும்ப வேட்கைக்கு வந்தால், சினையே படவில்லை, அல்லது மிக ஆரம்பத்திலேயே கெட்டுவிட்டது. 35, 48, 60 என்று ஒழுங்கில்லாத நாட்களில் வந்தால், சினை பட்டு முளையம் செத்திருக்க வாய்ப்புண்டு. இடையில் ஒரு வேட்கையை நீங்கள் தவறவிட்டிருந்தால் 42 நாள் வரும், அதையும் மறக்கக் கூடாது. ஐந்து மாதத்துக்குப் பிறகு கன்று வீசினால் முதலில் புரூசெல்லா என்ற கிருமியைச் சந்தேகியுங்கள். விழுந்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய் இழுக்க விடாதீர்கள், மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். தயிருக்குப் பாலைக் காய்ச்சுகிறோம், அதில் பயமில்லை. பச்சைப் பால் குடிப்பவர்கள்தான் மாட்டுப்படுவார்கள்.

தம்பலகாமத்தில் ஒரு அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் கலண்டர் தொங்கவிட்டிருப்பார். சினைப்படுத்திய நாளுக்கு ஒரு வட்டம், மாடு திரும்பிய நாளுக்கு ஒரு புள்ளடி, பக்கத்தில் மாட்டின் பெயர். நான்கு மாடு. மூன்று மாடுகள் ஒழுங்கு. நான்காவது, பெயர் செவலை, முதல் தடவை 48 நாளில் திரும்பியிருந்தது, அடுத்த தடவை 57 நாளில். நான் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தடவையும் நான் போட்டது ஒரே காளையின் விந்து. செவலையின் பிறப்பு அட்டையை எடுத்துவரச் சொன்னேன். தகப்பன் இலக்கமும் அதே காளை! மகளுக்குத் தகப்பன் விந்தைப் போட்டிருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை. தவறு முழுக்க என்னுடையது. கலத்தில் கையை விட்டால் வந்ததை எடுத்துப் போடுகிற அவசரம். மூன்றாம் தடவை வேறு காளை போட்டேன், சினை நின்றது. அது பரம்பரைக் குறைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சோதித்துப் பார்க்கவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து தகப்பன் இலக்கத்தைப் பார்க்காமல் நான் கையுறை மாட்டியதில்லை.

விந்தில் அந்த விபரத்தை எங்கே பார்ப்பது?

விந்து அடைத்த ஸ்ட்ரோவின் மேல் காளையின் பெயர் அல்லது இலக்கம், இனம், அடைத்த திகதி எல்லாம் மிகச் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். சினைப்படுத்த வருபவரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபிக்கக் கூடாது. அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வெளிநாட்டுக் காளை என்றால் அதன் விபரப் பட்டியலில் குறைபாட்டுப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். ‘சி’ என்றால் காவி, ‘எஃப்’ அல்லது ‘டி’ என்றால் சோதித்துச் சுத்தம் என்று கண்டது. சிவிஎம் போன்ற சில குறைகளுக்குப் பழைய முறை, சிவிஎம்மில் ‘டிவி’ என்றால் சுத்தம், ‘சிவி’ என்றால் காவி. தொலைக்காட்சியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

காளையின் விந்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரியாதா?

முளையத்தைக் கொல்லும் பழுதுகள் அதில் தெரியாது. காவிக் காளையின் விந்து நன்றாக நீந்தும், நன்றாகச் சினைப்படுத்தும்.

விந்தையே செயலிழக்கச் செய்யும் பழுது வேறு. ஃபிளெக்வீ என்ற இனத்தில் டிஎம்இஎம்95 என்ற பரம்பரையலகு இரண்டு பக்கமும் பழுதான காளைகளைக் கண்டார்கள். விந்து பார்க்க அருமை, எண்ணிக்கையும் நீச்சலும் குறைவில்லை. ஆனால் நூறு பசுவுக்குப் போட்டால் இரண்டுகூட நிற்பதில்லை. 1964 இல் சுவீடனில் கண்டது இன்னொரு வகை. சில மாடுகளில் 1 ஆம், 29 ஆம் நிறமூர்த்தங்கள் ஒட்டிக்கொண்டு, 60 இருக்க வேண்டிய இடத்தில் 59 இருந்தது. மாடு வெளியே சுகமாகத்தான் இருக்கும். சினை நிற்பது மட்டும் கொஞ்சம் குறையும்.

கையால் பார்த்தே தள்ளக்கூடியதும் உண்டு. ஒரு விதை சிறுத்தது, ஒரு விதை கீழே இறங்காதது. இவை மகனுக்கும் போகக்கூடியவை. சுவீடனின் மலைநாட்டு மாடுகளில் சினைப்பையும் விதையும் வளராமல் போகும் குறை முன்னொரு காலத்தில் பரவியிருந்தது, முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வந்தது. அப்படிப்பட்ட மாடுகளை இனவிருத்தியிலிருந்து விலக்கித்தான் குறைத்தார்கள். நாம்பன் எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள்.

காவி என்று தெரிந்தால் அந்த மாட்டை விற்றுவிட வேண்டுமா?

வேண்டாம். சுத்தமான காளையைப் போட்டால் அதற்கு ஒரு கன்றும் நட்டமில்லை. பாதிக் கன்றுகள் காவிகளாக வரும், அவற்றுக்கும் அதே கவனம் போதும். இன்னொன்று, வட ஐரோப்பியச் சிவப்பு மாடுகளில் ஒரு துண்டு அறுந்துபோன நிறமூர்த்தம் இருக்கிறது. இரட்டையாகச் சேர்ந்தால் முளையம் சாகும், ஒற்றையாக இருந்தால் பால் கூடும். பால் கூடுகிறது என்று மக்கள் அந்த மாடுகளையே தெரிந்தெடுக்க, பின்லாந்தின் சிவப்பு மாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று காவியாகிவிட்டது. நல்ல கறவைக் குடும்பம் என்பதாலேயே சந்தேகம் இல்லை என்று நினைக்காதீர்கள்.

இரட்டைக் கன்றில் பசுக்கன்று மலடாகும் என்கிறார்களே, அதுவும் பரம்பரையா?

நாம்பன் கன்றோடு கூடப் பிறந்த பசுக்கன்று என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான், ஆனால் இது பரம்பரையில் வந்த பழுதல்ல. வயிற்றுக்குள் இரண்டின் இளங்கொடி இரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நாம்பனின் ஓமோன் பசுக்கன்றின் உறுப்புகளைக் குழப்பிவிடும். யோனி வழக்கமான நீளத்தில் மூன்றில் ஒன்றுதான் இருக்கும், அதன் வெளிவாசலில் மயிர்க்கற்றை நீண்டு நிற்கும். மிருக வைத்தியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டு வருடம் வளர்த்துவிட்டு அழுவதை விட அது நல்லது. இரண்டுமே பசுக்கன்று என்றால் கவலையில்லை.

இந்தப் பரம்பரைக் குறைகளுக்கு ஊசி, மருந்து, நாட்டு வைத்தியம் ஏதாவது?

இல்லை.

எங்களிடம் எருமைதான். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

நம்மூர் எருமை பார்வைக்குச் சதுப்பு நில எருமை மாதிரி இருக்கும். நிறமூர்த்தத்தை எண்ணினால் 50, அதாவது முறா, நீலி ராவி போன்ற ஆற்று எருமைகளுக்கு இருக்கும் அதே எண்ணிக்கை. கிழக்காசியச் சதுப்பு எருமைக்கு 48. அங்கே முறாவோடு கலந்தால் கலப்புக் கன்றுக்கு 49 ஆகி, இனவிருத்தியில் சிறிது தடுமாற்றம் வரும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை, முறாக் கலப்பைத் துணிந்து செய்யலாம்.

ஆனால் தகப்பன் மகள் கலப்பு எருமையில்தான் இன்னும் மோசம். எருமையின் வேட்கை வெளியே தெரிவது குறைவு, இரவில் வரும், அதனால் சினைப்படுத்துபவரைக் கூப்பிடுவதை விட்டு எல்லாவற்றையும் கடாவிடம் விட்டுவிடுகிறோம். கிண்ணியாவில் ஒரு பட்டிக்காரர் எட்டு வருடமாக ஒரே கடாவை வைத்திருந்தார். தயிர்ச் சட்டி வருடா வருடம் குறைகிறது என்று சொன்னவர், கடாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்ந்துவிடும், பிள்ளை போல வளர்த்தது. விற்கச் சொல்லவில்லை நான். மூதூரில் தூரத்துப் பட்டிக்காரர் ஒருவரிடமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டுக்கும் இரத்தம் எடுத்துப் புரூசெல்லா பார்த்துவிட்டு, கடாக்களை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். லொறிக் கூலியை ஆளுக்குப் பாதி போட்டார்கள்.